அப்பா பாளையங்கோட்டை, அம்மா தென்காசி: பிள்ளைகள் விஷயத்துல என்னென்ன எழுதி வைக்கணும்?

கடையத்து மாமா (கேள்வி)

தங்கச்சிக்குப் பரஸ்பர சம்மதத்துல விவாகரத்து ஆகி, தீர்ப்பு நகலும் கைக்கு வந்தாச்சு. பிள்ளைகள் அவகூட தென்காசியில. பெரியவளுக்கு 11 வயசு, ஆறாம் வகுப்பு. சின்னவனுக்கு 6, ஒண்ணாம் வகுப்பு, வீசிங் உண்டு. அவிய அப்பா பாளையங்கோட்டையில இருக்காவ.

தீர்ப்புல பிள்ளைகளைப் பத்தி மூணே வரி. மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனி ஞாயிறு தந்தையிடம். மே விடுமுறையில் பாதி. பிள்ளைகள் செலவுக்கு மாதம் ரூ.12,000. அவ்வளவுதான்.

ரெண்டு பேருக்குமே பிள்ளைக மேல பாசத்துக்குக் குறைவில்ல. சண்டை வாறது பூராவும் அந்த மூணு வரிக்கு வெளிய இருக்கிற விஷயத்துல. சனிக்கிழமை எத்தனை மணிக்கு, எங்க வச்சுக் கைமாத்த? பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு யார் கூட்டிட்டுப் போக? ஸ்கூல் பீஸ் அந்த 12,000-க்குள்ளயா வெளியவா? போன் எத்தனை தடவை? மருந்துப் பையை அங்கயே மறந்து வச்சிட்டு வந்தா என்ன செய்ய?

உக்காந்து எழுதிருவோம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாவ. ஆறுதல் வார்த்தை வேண்டாம். எதெதை, எந்த அளவுக்கு எழுதணும்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கொக்கிரகுளம் வக்கீல்

முதல்ல அந்த முதல் வரியையே சரி பண்ணுங்க. "இரண்டாவது சனி ஞாயிறு" என்று எழுதினால் மாதம் ஞாயிற்றுக்கிழமையில் பிறக்கும்போது இடிக்கும். 2026 பிப்ரவரியை எடுத்துக்கோங்க. 1-ஆம் தேதியே ஞாயிறு. இரண்டாவது ஞாயிறு 8, இரண்டாவது சனி 14. ஒருத்தர் 7, 8 என்பார், இன்னொருத்தர் 14, 15 என்பார். இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். "இரண்டாவது சனிக்கிழமை காலை 9 மணி முதல் அதற்கு அடுத்து வரும் ஞாயிறு மாலை 5 மணி வரை" என்று எழுதினால் வம்பு கிடையாது. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவது யாருக்கு என்பதையும் ஒரு வரியில் சேருங்க.

மே விடுமுறையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் விடுமுறை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கி ஜூன் வரை போகலாம். "மே மாதத்தில் பாதி" என்றால் ஏப்ரல் நாட்கள் யார் கணக்கு? "கடைசித் தேர்வுக்கு மறுநாள் முதல் பள்ளி திறக்க 5 நாள் முன்பு வரை உள்ள நாட்களை எண்ணி இரண்டாகப் பிரிப்பது, ஒற்றைப்படை ஆண்டில் முதல் பாதி தந்தைக்கு, இரட்டைப்படை ஆண்டில் இரண்டாம் பாதி" என்று போடுங்க. கடைசி 5 நாள் பிள்ளை படிக்கிற ஊரில் இருக்க வேண்டும். சீருடை தைக்க, புத்தகம் வாங்க, தூக்க நேரம் பழைய நிலைக்கு வர அந்த நாட்கள் தேவை.

அடுத்தது, எழுதினதை என்ன செய்வது. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைப்பது, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதுவது இதெல்லாம் நீதிமன்ற உத்தரவு ஆகாது. நாளைக்கு ஒருத்தர் மீறினால் அதை வைத்து நிறைவேற்றல் மனுப் போட முடியாது. இந்துத் திருமணச் சட்டம் 1955-இன் 26-ஆம் பிரிவு, விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி மனுப்போட்டு உத்தரவை மாற்ற, கூட்ட வழி தருகிறது. தீர்ப்புத் தந்த அதே நீதிமன்றத்தில் இரண்டு பேரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாகத் தாக்கல் செய்து, அதன்படி உத்தரவு கேளுங்க. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கிறிஸ்தவத் தம்பதிக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் தம்பதிக்கு 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் என்று வழி மாறும். எழுத வேண்டிய விவரம் மாறாது.

---

ஆலங்குளம் டீச்சர்

கைமாத்துற விஷயத்துக்கு மட்டும் விரிவா எழுதுதேன். எல்லாக் கசப்பும் அந்தப் பத்து நிமிஷத்துலதான் கொட்டும்.

பொதுவா நல்ல இடம் பள்ளிக்கூடம்தான். காலையில ஒருத்தர் விட, சாயந்திரம் இன்னொருத்தர் கூப்பிட, ரெண்டு பேரும் நேர்ல பாக்கவே வேண்டாம். பிள்ளைக்கு "அம்மாவ விட்டுட்டுப் போறேன்"ங்கிற நினைப்பு வராது, ஸ்கூல் விட்டுப் போறோம்னுதான் இருக்கும். ஆனா உங்களுக்கு தென்காசி–பாளை 55 கிலோமீட்டருக்குக் குறையாது. திங்கட்கிழமை காலையில பாளையிலிருந்து கொண்டுவந்து விடணும்னா ஆறு வயசுப் பிள்ளையை அஞ்சரைக்கே எழுப்பணும். அது சரிவராது. அதனால நடுவுல ஆலங்குளம். ரெண்டு பக்கமும் அரைவாசித் தூரம், பெட்ரோல் கணக்குச் சண்டையும் வராது.

பஸ் ஸ்டாண்டு வேண்டாம். கூட்டம், வெயில், யாராவது தெரிஞ்ச முகம் வந்து "என்ன இங்க நிக்கிய?"ன்னு கேக்கும். உக்காந்து ஒரு ஜூஸ் குடிக்கிற மாதிரி பேக்கரியோ ஓட்டலோ ஒண்ணைப் பேசி, பெயரோட எழுதிருங்க. தெரு, கடை, எந்தப் பக்க வாசல் எல்லாம் வேணும். "ஆலங்குளம்"னு மட்டும் எழுதினா ஆளுக்கொரு முக்குல நின்னுக்கிட்டு போன்ல கத்துவாவ.

வீட்டு வாசல் அதைவிட மோசம். நடையில ஆச்சி நிப்பா, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாப்பா. பிள்ளை காலணி மாட்டுற நேரத்துக்குள்ள பத்து வருஷப் பழைய கணக்கு வெளிய வந்துரும்.

நேரம்: 20 நிமிஷம் வரை தாமதம்னா போன் போதும். 45 நிமிஷம் தாண்டிச்சுன்னா, கூட்டிட்டு வந்தவங்க பிள்ளையோட திரும்பிப் போகலாம், அந்த நாள் போன நாள். இதை எழுதாம விட்டா ஒருத்தர் ரெண்டு மணி நேரம் காத்துக் கிடப்பாவ, பிள்ளை மடியிலயே தூங்கிப் போகும். குற்றாலச் சீசன்ல சனி ஞாயிறு அந்த ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 20-ஐ 40 ஆக்கிக்கோங்க. ஞாயிறு சாயந்திரம் 5-க்கு மேல தள்ளாதிய. எட்டு மணிக்கு வீடு வந்து சேர்ற பிள்ளை ஹோம்வொர்க் முடிக்காம அழுதுக்கிட்டே தூங்கும், திங்கக்கிழமை வகுப்புல பாத்தாலே தெரியும்.

பேச்சு மூணு விஷயத்துக்கு மேல வேண்டாம்: சாப்பிட்டாச்சா, மருந்து கடைசியா எத்தனை மணிக்கு, ஹோம்வொர்க் எது பாக்கி. காசு, வக்கீல், அவ தங்கச்சி சொன்னது, இவன் அக்கா சொன்னது எல்லாம் வாட்ஸ்அப்ல, அதுவும் பிள்ளைக தூங்கின பிறகு. முக்கியமா, பெரியவ கையில செய்தி குடுத்து விடாதிய. "அப்பாகிட்ட பீஸ் கட்டச் சொல்லு"ன்னு ஒரு தடவை சொன்னாலும் அந்தப் பிள்ளை அடுத்த தடவை வயித்துவலின்னு படுத்துக்கிடும்.

திரும்பி வந்ததும் சின்னவன் ஒரு நாள் சிணுங்குவான், சாப்பிட மாட்டான், படுக்கையில ஒண்ணுக்குப் போனாலும் போவான். ஒரு வீட்டுப் பழக்கத்திலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுற அலுப்பு அது. "அங்க என்னமோ செஞ்சிட்டாவ"ன்னு உடனே முடிவு கட்டாதிய. ரெண்டு நாள்ல அடங்கினா விட்டுருங்க. வாரக்கணக்கா நீண்டா, படிப்பு இறங்கினா, டாக்டரைப் பாருங்க. அடி, காயம், யாரோ தொட்டாங்கன்னு பிள்ளை சொன்னா அது வேற கதை. திருப்பித் திருப்பிக் கேள்வி கேக்காம, சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வச்சுக்கிட்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்க.

---

பேட்டை பாண்டி

அண்ணாச்சி, இவ்வளவு எதுக்கு? பெரியவளுக்கு அடுத்த வருஷம் 12. அதுக்கப்புறம் யாரு கூட இருக்கணும்னு பிள்ளையே முடிவு பண்ணிக்கலாம்லா, சட்டமே அதானே.

---

கொக்கிரகுளம் வக்கீல்

அப்படி ஒரு சட்டம் இல்லை, பாண்டி. சட்டத்தில் வயதாகச் சொல்லப்பட்டது ஒரே இடத்தில்தான்: 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. மற்றபடி, விவரம் தெரிந்து விருப்பம் சொல்லக்கூடிய பிள்ளை என்றால் நீதிபதி அந்த விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்பது 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அது ஒன்பதிலும் இருக்கலாம், பதின்மூன்றிலும் இருக்கலாம். முடிவு நீதிபதியுடையது. இந்த "12 வயசு" பேச்சைப் பிள்ளை காதில் போட்டால், இரண்டு வீட்டிலும் பிறந்தநாள் நெருங்க நெருங்கச் செல்போன், சைக்கிள் என்று ஏலம் தொடங்கும்.

பிள்ளைகள் பற்றிய உத்தரவு எதுவும் கடைசி உத்தரவு கிடையாது, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே ரோசி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் இப்போது எழுதுவதை 18 வயது வரைக்குமாக யோசித்து மண்டையை உடைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் தொடங்குமுன் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒரு வரி போதும்.

போன் பற்றிக் கேட்டீங்க. பிள்ளை யாரிடம் இல்லையோ அந்தப் பெற்றவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரவு 7.30 என்று நேரம் வையுங்க. ஸ்பீக்கரில் போடக்கூடாது, பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஆறு வயதுப் பையன் இரண்டு நிமிடத்தில் "சரி வச்சிரட்டா" என்பான். வைக்க விடுங்க.

இன்னொன்று. பணம் வரவில்லை என்று பிள்ளையை அனுப்பாமல் இருக்கக்கூடாது, பிள்ளையை அனுப்பவில்லை என்று பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டும் தனித்தனி உத்தரவு. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பராமரிப்புத் தொகை குற்றவியல் நடைமுறைப்படி (முன்பு 125-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்-இன் 144-ஆம் பிரிவு) வாங்கின உத்தரவு என்றால், நிலுவையை வசூலிக்கும் மனுவை அந்தத் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "போகட்டும், பிறகு பார்ப்போம்" என்று விட்டவர்கள் பழைய மாதங்களை இழக்கிறார்கள்.

---

பிள்ளை வார்டு நர்ஸ்

வீசிங் பிள்ளைக்குத் தனியா அரைப் பக்கம் எழுதுங்க. இதுல விட்டுக்கொடுக்க ஒண்ணுமில்ல.

இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலர்ல மாட்டி மருந்தை இழுக்கிற குழாய்) ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா ஒரு செட். பையில போட்டு அனுப்புற ஏற்பாடு எத்தனை கவனமா இருந்தாலும் ஒரு நாள் தவறும், அந்த ராத்திரிதான் இழுக்கும். தினமும் ரெண்டு வேளை எடுக்கிற தடுப்பு இன்ஹேலர் டாக்டர் எழுதியிருந்தா, சனி ஞாயிறும் விடக்கூடாது. "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு?"ன்னு விடுறதுதான் வழக்கமான தப்பு. அந்த மருந்தை எடுக்கிறதாலதான் நல்லா இருக்கான். எடுத்ததும் வாய் கொப்புளிக்கணும். மூச்சு முட்டும்போது அடிக்கிற இன்ஹேலர் எத்தனை பஃப், எத்தனை நிமிஷம் பொறுத்துத் திரும்ப, எப்போ ஆஸ்பத்திரி என்பதை டாக்டர்கிட்ட ஒரே தாள்ல எழுதி வாங்கி, ரெண்டு வீட்டு பிரிட்ஜ் மேலயும் ஒட்டுங்க. டப்பாவுல மீதி எவ்வளவுன்னு தண்ணியில மிதக்க விட்டுப் பாக்கிறது நம்ப முடியாத வழி. எண்ணிக்கை காட்டுற டப்பாவா கேட்டு வாங்குங்க. ஸ்பேசரை சோப்புத் தண்ணியில அலசி, துடைக்காம, தானா காய விடணும். துணி போட்டுத் துடைச்சா உள்ள மருந்து ஒட்டிக்கிடும்.

கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட்: அவன் இருக்கிற ரெண்டு நாளும் அந்த வீட்டுக்குள்ள கிடையாதுன்னு எழுதுங்க. பாட்டி வருத்தப்படுவாங்கதான்.

காய்ச்சல் மருந்துல பெரிய குழப்பம் உண்டு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம்னும் வருது, 250-ன்னும் வருது. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 300 மில்லிகிராம். 250 பாட்டில்ல அது 6 மில்லி, 125 பாட்டில்ல 12 மில்லி. அம்மா வீட்டுல 125 பாட்டில் இருந்து, "12 மில்லி குடுங்க"ன்னு போன்ல சொல்லி, அப்பா வீட்டுல 250 பாட்டில் இருந்தா ரெண்டு மடங்கு போயிரும். ரெண்டு வீட்டுலயும் ஒரே பாட்டில் வாங்குங்க. மெசேஜ்ல "300 மி.கி., மாலை 4.10" என்று அளவும் நேரமும் சேர்த்து எழுதுங்க. அடுத்தது 6 மணி நேரம் கழிச்சு, 24 மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல இல்ல. ஞாயிறு சாயந்திரம் அங்க ஒரு வேளை குடுத்து, வீட்டுக்கு வந்ததும் இங்க ஒரு வேளை குடுக்கிறது சர்வ சாதாரணமா நடக்குது.

தடுப்பூசி அட்டையோட போட்டோ ரெண்டு போன்லயும் இருக்கட்டும். 5–6 வயசுல டிபிடி பூஸ்டர், 10 வயசுல டிடி. சின்னவனுக்கும் பெரியவளுக்கும் போட்டாச்சான்னு இப்பவே பாத்துருங்க. "நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்"ல விட்டுப்போன ஊசி நிறைய.

பெரியவளுக்கு 11 ஆச்சே, இதையும் சொல்லிருதேன். அவ பெரியவளாகிற நாள் அப்பா வீட்டுல இருக்கிற நாளாவும் இருக்கலாம். அங்க ஒரு அலமாரியில நாப்கின் பாக்கெட், ரெண்டு செட் உள்ளாடை, கருப்பு நிறத்துல ஒரு பாவாடை வச்சிரணும். அத்தையா ஆச்சியா, யார்கிட்ட சொல்லணும்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்பாவும் பதறாம அம்மாவுக்குப் போன் போட்டுப் பிள்ளை கையில குடுத்துட்டா போதும். சடங்கு வைக்கணுமா வேண்டாமா, எந்த வீட்டுல, எவ்வளவு செலவு என்பதை அன்னைக்கு முடிவு பண்ணாதீங்க. இப்பவே எழுதுங்க, பிள்ளை விருப்பத்தையும் கேட்டு.

---

கணக்கப்பிள்ளை

மாதம் 12,000-க்குள்ள என்ன அடங்கும்னு பட்டியல் போடுங்க. சாப்பாடு, அன்றாட உடை, நோட்டு பென்சில், ஸ்கூல் வேன், சாதாரண டாக்டர் பீஸ் எல்லாம் உள்ள. பள்ளிக் கட்டணம், ஒரு தடவைக்கு ரூ.1,000-க்கு மேல போற வைத்தியம், டியூஷன், சுற்றுலா எல்லாம் வெளிய. வெளியில உள்ளதை வருமான விகிதத்துல பிரிக்கணும். அவர் 45,000, அவங்க 15,000 சம்பாதிச்சா மூணுக்கு ஒண்ணு. வருஷக் கட்டணம் 36,000-னா அவர் 27,000, அவங்க 9,000. சம்பளம் மாறினா ஏப்ரல்ல விகிதத்தைத் திருத்திக்கலாம். மாதத் தொகை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் கூடும்னும் இப்பவே எழுதிருங்க. எழுதாம விட்டா நாலு வருஷம் கழிச்சும் அதே 12,000-ல நிக்கும்.

புதுச் செலவு ரூ.2,000 தாண்டினா முன்கூட்டியே கேக்கணும். மூணு நாள்ல பதில் இல்லன்னா சம்மதம்னு அர்த்தம். பில் போட்டோ ஒரு வாரத்துக்குள்ள, பணம் பதினைஞ்சு நாளைக்குள்ள. பீஸை நேரா பள்ளிக் கணக்குல கட்டுறது நல்லது. எல்லாமே வங்கி வழியா, குறிப்புல "பிள்ளைகள் ஜூன்" மாதிரி ஒரு வார்த்தை. ஆச்சி கையில ரொக்கமாக் குடுத்தது கணக்குல வராது. குடுத்தவர் குடுத்தேன்பார், இவங்க ஆச்சி குடுக்கலம்பாங்க, நடுவுல ஆச்சி கெட்டவளாயிருவா.

காகிதங்களையும் பாத்துருங்க. சின்னவனுக்கு 5 முடிஞ்சாச்சு, ஆதார்ல கைரேகை, கருவிழி பதியணும். அடுத்தது 15-ல. ரேஷன் கார்டுல பிள்ளைக பேரு இன்னும் அப்பா கார்டுல இருந்தா, அங்க நீக்கி இங்க சேக்கணும். மருத்துவக் காப்பீடு, வருமானச் சான்றுன்னு எல்லாத்துக்கும் அது தேவைப்படும். பள்ளியில எமிஸ் (கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் விவரம்) பதிவுல எந்த போன் நம்பர் இருக்குன்னு கேளுங்க. இன்னொருத்தர் நம்பரையும் வகுப்பு ஆசிரியர்கிட்ட குடுத்து வைங்க. ரேங்க் கார்டு ஒருத்தருக்கு மட்டும் போற வீட்டுல இன்னொருத்தருக்குப் பிள்ளை படிப்பு பத்தி ஒண்ணுமே தெரியாது.

பெரியவளுக்கு செல்வமகள் கணக்கு ஏற்கனவே இருந்தா தொடரலாம். வருஷத்துக்குக் குறைஞ்சது 250, கூடுனா ஒன்றரை லட்சம். இல்லன்னா 10 வயசு தாண்டினதால இனிமே தொடங்க முடியாது. சின்னவன் பேர்ல டெபாசிட் போட்டா, பெற்றோர் பிரிஞ்சிருக்கும்போது அந்த வட்டி பிள்ளையை வச்சுப் பராமரிக்கிறவர் வருமானத்துல சேரும். உங்க தங்கச்சி வரி கட்டுற அளவுக்கு வரலன்னா கவலையில்ல. பாஸ்போர்ட் எடுக்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற உறுதிமொழிப் படிவம் உண்டு. ஒருத்தர் சம்மதம் கிடைக்காதவங்களுக்கு வேற படிவம். மே மாசம் வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா எத்தனை நாள் முன்ன சொல்லணும், பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கும்னு ஒரு வரி எழுதுங்க.

---

வள்ளியூர் ஆச்சி

நல்ல நாள் பொல்ல நாளைப் பத்தி ஒருத்தரும் எழுதலயே.

எல்லா நாளையும் வருஷத்துக்கு வருஷம் மாத்தி மாத்திப் பிரிக்கணும்னு நினைக்காதிய. எது யாருக்கு உரியதோ அதை அவியகிட்ட விட்டுருங்க. பங்குனி உத்திரம் சாஸ்தா கோவில் அப்பன் வழிச் சாமி, அது எப்பவும் அப்பனுக்கு. சிறுவீட்டுப் பொங்கல் அம்மா வீட்டுல, பொங்கப்படி கொண்டாறது தாய்மாமன் நீங்கதான. தீவாளிய மட்டும் ஒரு வருஷம் அங்க, ஒரு வருஷம் இங்க வையுங்க. காலையில இங்க சாயந்திரம் அங்கன்னு வெட்டினா பிள்ளைக புதுத்துணியோட பஸ்லயே தீவாளி கொண்டாடும்.

பங்குனி உத்திரம் முழுப்பரீட்சை நேரத்துல வரும். மறுநாள் பரீட்சை இருந்தா காலையில போயிட்டு இருட்டுறதுக்கு முன்ன திரும்பணும், ராத்திரி தங்கக் கூடாதுன்னு எழுதுங்க. சுடலைமாடன் கொடை நடுராத்திரிக் கொடை. பந்தப் புகையும் சாம்பிராணியும் மூச்சு முட்டுற பிள்ளைக்கு ஆகாது. சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு.

இன்னொண்ணு கேளுங்க. 2019-ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுல இருந்து உள்ளூர் விடுமுறை ரெண்டா போச்சு. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையில லீவு விட்டா தென்காசியில பள்ளிக்கூடம் உண்டு. ஆடித் தவசுக்கு அங்க விட்டா இங்க உண்டு. "விடுமுறைன்னா பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்து விடுமுறை"ன்னு எழுதணும். பெருநாள் கொண்டாடுற வீடுகள்ல தேதியே போடக் கூடாது, பிறை பாத்து அறிவிக்கிற நாள்னுதான் போடணும்.

காதுகுத்து, சடங்கு எதுன்னாலும் ரெண்டு பக்கச் சனத்தையும் ஒரே பந்தலுக்குக் கூப்பிடணும்னு கட்டாயமில்ல. அழைச்சா மொய் நோட்டு தனித்தனி.

---

கடையத்து மாமா

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். ஆலங்குளத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோறது இப்ப நான்தான். மச்சானுக்கும் எனக்கும் முகத்துக்கு முகம் ஆகாது. அடுத்தது, அந்த இரண்டாவது சனிக்கிழமை பள்ளிக்கூடம் வச்சிட்டா?

---

ஆலங்குளம் டீச்சர்

நீங்க போகலாம், ஆனா பேக்கரிக்குள்ள வராதிய. வண்டியிலயே இருங்க. பெரியவ தம்பி கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவா, அப்பா உள்ள இருப்பாரு. இருபதடி தூரம் உங்க கண்ணு முன்னாலதான். முடிஞ்சா நாலு தடவைக்கு ஒரு தடவை தங்கச்சியே வரட்டும். அம்மா சிரிச்ச முகத்தோட அனுப்புறதைப் பிள்ளைக பாக்கணும்.

சனிக்கிழமை பள்ளி வச்சா அந்த ஒரு நாள் அப்பா தென்காசிக்கே வந்து பள்ளி விட்டதும் வாசல்ல கூப்பிட்டுக்கிடட்டும். ஈடா ஞாயிறு 5-ஐ 6.30 ஆக்கலாம். அதுக்கும் மேல வேண்டாம். வகுப்பு ஆசிரியர்கிட்ட "அப்பா கூப்பிட வருவார்"னு எழுத்துல முன்கூட்டியே குடுத்துருங்க, இல்லன்னா வாட்ச்மேன் விடமாட்டார்.

---

கொக்கிரகுளம் வக்கீல்

இதையும் சேருங்க: கலெக்டர் மழை விடுமுறை அறிவித்தாலோ, 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போல வழி அடைபட்டாலோ, பிள்ளைகள் அப்போது எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருப்பார்கள். வழி திறந்த அடுத்த பகல் கைமாற்றம், விட்டுப்போன நாள் அடுத்த மாதத்தின் ஐந்தாவது அல்லது முதல் சனிக்கிழமையில் ஈடு.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்க. தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று நகல், இரண்டு பேரின் ஆதார் நகல் மெமோவோடு வேண்டும். பேக்கரி பெயரை மெமோவில் எழுதும்போது பக்கத்தில் "அல்லது இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வேறு இடம்" என்று போடுங்க. கடையை மூடிவிட்டால் அதற்காக மறுபடியும் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும்.